மூன்றாம் தட்டு ஏன் சாகிறது

ஜனவரி 6, திங்கள்

புது வருஷத்துக்கு வாங்கிய டைரியை ஆறாம் தேதிதான் திறக்கிறேன். என் ஆராய்ச்சி என்ன வேகத்தில் போகிறது என்பதை இதிலிருந்தே யூகித்துக்கொள்ளலாம்.

நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தி பிஎச்.டி. படிக்கிறாள் என்றால் கோயம்புத்தூரில் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். ஒன்று, பாவம். இரண்டு, இவளுக்கு வீட்டில் வேலை இல்லை போல. என் நாத்தனார் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கத் தெரிந்தவர்.

நிலவரம் இதுதான். நான் பாடம் நடத்தும் கல்லூரியில், ஜூனுக்குள் முனைவர் பட்டம் வாங்காதவர்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பல்கலைக்கழகமோ, போதும் தாயே, மார்ச் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடு, இதற்குமேல் அவகாசம் கிடையாது என்று சொல்லிவிட்டது. கொடுக்காவிட்டால், இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, வீட்டுக்காரர் தங்கவேலுவின் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும். அவருக்கு அதில் சந்தோஷம்தான். ஆள் கிடைப்பதில்லையாம்.

ஆராய்ச்சி என்னவென்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: கீரையில் லூட்டீன் என்று ஒரு மஞ்சள் நிறமி இருக்கிறது. நம் விழித்திரையின் நட்டநடுவில் இருப்பதும் அதுவே. உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்ளாது, தின்றால்தான் வரும். தட்டில் வளர்க்கும் கண் செல்களின் சவ்வுக்குள் அந்த நிறமியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. சிக்கல் என்னவென்றால் நிறமிக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது, செல்களோ தண்ணீரில்தான் வாழ்கின்றன. நேரே விட்டால் ரசத்தில் மிதக்கும் நெய் மாதிரி மேலேயே நின்றுகொள்ளும். ஆகவே நடுவில் ஓர் ஆள் தேவை. அந்த ஆளின் பெயர் சைக்ளோடெக்ஸ்ட்ரின். சர்க்கரைத் துணுக்குகள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். வெளிப்பக்கம் தண்ணீரோடு சிநேகம், உள்பக்கம் எண்ணெயோடு சிநேகம். நிறமியை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்துபோய், செல்லின் சவ்வில் இறக்கிவிட்டு வரும்.

வெளியே ஒருத்தரோடு, உள்ளே வேறொருத்தரோடு. இதைப் படித்த அன்றே என் நாத்தனாருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டேன்.

ஜனவரி 8, புதன்

பல்கலைக்கழகத்தில் என் வழிகாட்டி மாசிலாமணி சார். இணை வழிகாட்டி ராசப்பன் சார். நிறமி, வளையம், கலவை எல்லாம் முன்னவர் அறையில். செல் வளர்க்கும் அறை பின்னவர் பொறுப்பில். இரண்டுக்கும் நடுவில் ஒரு வராந்தா, ஒரு தண்ணீர் கேன், ஆறு வருஷப் பகை.

இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் மாசிலாமணி சார், தங்கையைக் கட்டியவர் ராசப்பன் சார். மச்சினன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ராசப்பன் சார் பெயருக்கு முன்னால் 'முனைவர்' இருந்தது. மாசிலாமணி சார் பெயருக்கு முன்னால் இல்லை. புரூஃப் பார்த்தவர் ராசப்பன் சார். முடிந்தது கதை. மாசிலாமணி சார் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிடவில்லை. நம் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. சண்டை புருஷன்மாருடையது. பேச்சு நின்றது அக்கா தங்கச்சிக்கும் சேர்த்து.

"பத்திரிகையக்கூட விட்டுடறேன் கோகிலா. எதுக்க வந்தா என் மூஞ்சியப் பாக்கறதில்ல அவன். சுவத்தப் பாத்துட்டுப் போறான். நான் என்ன சுவத்துக்கும் கேவலமா?" என்பது மாசிலாமணி சாரின் நிரந்தரக் குற்றச்சாட்டு.

இன்று என்னைக் கூப்பிட்டார். "அந்தாளுகிட்டப் போய்க் கேளு. நாலு தட்டு வெக்க எடமில்லீங்கறானே, இன்குபேட்டர் என்ன அவனுக்கு மாமனார் வீட்டுச் சீரா?"

ரெண்டு பேருக்கும் ஒரே மாமனார்தானுங்களே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். வராந்தாவைக் கடந்து போய், ராசப்பன் சாரிடம் சொன்னேன்: "உங்களுக்குச் சிரமமில்லீனா நாலு தட்டுக்கு எடம் கேட்டாருங்க சார்."

"சிரமமில்லீனான்னா சொன்னான்?"

"ஆமாங்க."

தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "மேல் அடுக்குல வெச்சுக்கச் சொல்லு" என்றார்.

என் சர்க்கரை வேலை செய்கிறது.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பானை பொங்கி இறங்கியதும், "செல்லுக்குச் சாப்பாடு போடணும், போயிட்டு வந்துடறனுங்க" என்று கிளம்பினேன். திருப்பூரிலிருந்து வந்திருந்த கொழுந்தனார், "இங்கயே சார்ஜர் இருக்குதுங்களே அண்ணி" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பானைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செல்களுக்குப் பண்டிகை, அமாவாசை எதுவும் கிடையாது. ரோஸ் நிறத் தண்ணீரில் கிடக்கும். இரண்டு நாளைக்கொரு தரம் பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். பெற்ற மகனுக்கு நான் இவ்வளவு ஒழுங்காகச் சோறு போட்டதில்லை. அவன் இதைப் பெங்களூரிலிருந்து போனில் சொல்லிக்காட்டினான்.

ஆச்சரியம், ராசப்பன் சாரும் வந்திருந்தார். பொங்கலன்று! அவர் டப்பாவில் பொன்னாங்கண்ணிக் கீரை. இந்த மனுஷன் தினம் அதைத்தான் தின்கிறார். தங்கச்சிக்காரி அவ்வளவு கஞ்சமா, வேறு பொரியலே தெரியாதா என்று எனக்கு ஒரே குழப்பம்.

"ஒட்டுச்சா அம்மணி? உள்ள போகுமா?" என்று கேட்டார். இன்னும் சோதனையே ஆரம்பிக்கவில்லை. வழிகாட்டிகளில் இவ்வளவு அவசரப்படுபவரை நான் கண்டதில்லை.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன். அவர் நேருக்கு நேர் பார்ப்பதே இல்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். துறையில் உள்ள பெண்கள் இதைப்பற்றி நல்லவிதமாகப் பேசுவதில்லை. நானும் என் பங்குக்கு நாலு பேரிடம் பேசியிருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் நம்மையும் ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்க்கிறாரே என்று உள்ளூர ஒரு அல்ப சந்தோஷமும் இருந்தது. இதை யாரிடமும் பேசவில்லை.

ஜனவரி 20, திங்கள்

காலையில் தட்டைத் திறந்தால் தண்ணீர் முழுக்க மஞ்சள்! வென்றுவிட்டேன் என்று மாசிலாமணி சார் அறைக்கு ஓடினேன். "நிறமி போட்டியா?" என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது, போடவே இல்லை.

செல்கள் நெருக்கியடித்து வளர்ந்து கழிவு சேர்ந்தால் ரோஸ் தண்ணீர் தானாகவே மஞ்சளாகுமாம். முதல் பருவத்தில் படித்தது. இதை நான் மாணவிகளுக்கு வேறு நடத்தியிருக்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

முதல் உண்மையான சோதனை. நாலு தட்டு. முதலாவதில் எதுவும் போடவில்லை. இரண்டாவதில் நிறமி மட்டும், தூக்கிப்போக ஆள் இல்லாமல். மூன்றாவதில் வளையம் மட்டும், மடியில் எதுவும் இல்லாமல். நான்காவதில் நிறமியை ஏந்திய வளையம்.

ராசப்பன் சார் மைக்ராஸ்கோப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தான் பார்க்கவில்லை. "நீ பாரு. பாத்து வாயால சொல்லு. என்ன உருவம், எத்தன, எங்க இருக்குது எல்லாம் சொல்லு."

என்ன அருமையான ஆசிரியர்! மாணவியைப் பேசவிட்டுக் கற்றுக்கொடுக்கிற முறை. மாசிலாமணி சாராக இருந்தால் என்னைத் தள்ளிவிட்டுத் தானே பார்த்திருப்பார்.

சொன்னேன். முதல் தட்டு சுகம். இரண்டாவதில் நிறமி மேலே திட்டுத்திட்டாக மிதக்கிறது, செல்கள் அதைச் சட்டை செய்யவில்லை. நான்காவதில் செல்கள் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கழுவிப் பிரித்து அளந்து பார்த்ததில் சவ்வில் மஞ்சள் ஏறியிருக்கிறது! கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருக்கிறது.

"உள்ள போயிருச்சா?" என்று மறுபடியும் கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஆனால் மூன்றாவது தட்டில் எல்லாம் செத்துக் கிடந்தன. உருண்டு, கழன்று, புழுதி மாதிரி மிதந்தன. எதுவுமே சுமக்காத வளையம் போய் எப்படிக் கொல்லும்? நிறமியோடு போன அதே வளையம் கொல்லவில்லையே.

பிப்ரவரி 5, புதன்

மறுபடி செய்தேன். மறுபடியும் மூன்றாவது சாவு.

மாசிலாமணி சார்: "அவன் ரூம் பூரா பூஞ்சை. கைய கழுவறானா, இல்ல அதும் கவுரவக் கொறச்சலா?"

ராசப்பன் சார்: "அவன் குடுத்த வளையமே பழசு. பாட்டில் மேல தேதி பாத்தியா அம்மணி? படிச்சுச் சொல்லு. அவன் எதையும் பாக்க மாட்டான், பத்திரிகைல தன் பேர மட்டுந்தான் பாப்பான்."

நான் அங்கே கொண்டுபோனது: "அறைய இன்னொருக்கா சுத்தம் பண்ணிடலாமான்னு யோசன கேட்டாருங்க சார்." இங்கே கொண்டுவந்தது: "புது பாட்டில் கெடைச்சா நல்லா இருக்கும்னு உங்களத்தான் நம்பியிருக்காருங்க சார்."

இருவரும் அமைதியானார்கள். சாயங்காலம் மாசிலாமணி சார் ஒரு பையை நீட்டினார். தோட்டத்துக் கொய்யா. "நாலு அதிகமாக் கெடக்குது. அங்க வேணும்னா குடு. நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம்."

போய், "மாசிலாமணி சார் குடுத்தாருங்க, சொல்ல வேண்டாம்னாருங்க" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தேன். ராசப்பன் சார் ஒரு பழத்தை எடுத்து ரொம்ப நேரம் மோந்து பார்த்தார்.

ஐ.நா. சபையில் எனக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும். ரீவைண்டிங் பட்டறையில் என்ன செய்யப்போகிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

புது பாட்டில் வந்தது. மூன்றாவது தட்டு புது பாட்டிலிலும் சாகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

பஸ் ஸ்டாப்பில் ராசப்பன் சார். ஸ்கூட்டரை விற்றுவிட்டாராம். காரணம் கேட்டேன், முதுகு வலி என்றார். இந்த வயதில் எல்லோருக்கும் முதுகுதான். பஸ் வந்தது. முன்னால் முறம் அகலத்துக்கு எண் போட்டிருக்கிறது. "இது எந்த பஸ் அம்மணி?" என்று என்னைக் கேட்கிறார். பேச்சுக்கொடுக்க ஆண்கள் என்னென்ன உபாயம் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பதில் சொன்னேன். ஏறினார். படியைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். முதுகு வலிக்காரர்கள் அப்படித்தான் ஏறுவார்களோ?

காலில் ஒரு செருப்பு பழுப்பு, இன்னொன்று கறுப்பு. தங்கச்சிக்காரிக்கு இதைக்கூடக் கவனிக்க முடியவில்லையா என்று நாளைக்குத் துறையில் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிப்ரவரி 21, வெள்ளி

என்ன எழுதுவது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று மாசிலாமணி சார் ஊரில் இல்லை. கொண்டுபோகச் சேதி எதுவும் கிடையாது. இருந்தும் கால் பழக்கத்தில் வராந்தாவைக் கடந்துவிட்டது. சும்மா உட்கார்ந்து நாலு வார்த்தை பேசி, ஏதாவது கிடைத்தால் வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன். வேறு எண்ணம் இல்லை.

மூன்றாவது தட்டைப் பற்றிப் புலம்பினேன். ராசப்பன் சார் சிரித்தார்.

"ஏன் அம்மணி, அந்த வளையத்துக்கு உள்பக்கம் என்ன புடிக்கும்?"

"எண்ணெ, கொழுப்புங்க."

"அதுக்கு மடியில நிறமிய வெச்சு அனுப்புனா, எறக்கி வெச்சுட்டு வருது. ஒண்ணுமே வெக்காம அனுப்புனா? செல்லோட சவ்வே பாதி கொழுப்புதான. வெறும் மடியோட போன வளையம் சும்மாவா திரும்பும்? அங்க இருக்கற கொலஸ்டிராலை உருவி எடுத்து மடில கட்டிக்கிட்டு வந்துரும். சவ்வு பொத்தலாப் போயிரும். செல் செத்துரும்."

பூஞ்சையும் இல்லை, பழைய பாட்டிலும் இல்லை!

"அப்புறம் மூணாவது தட்ட எப்படிங்க சார் காப்பாத்தறது?"

"போறப்பவே அதோட மடியில கொஞ்சம் கொலஸ்டிரால வெச்சு அனுப்பு. வயிறு நெறஞ்சவன் திருட மாட்டான்."

எழுந்து டீ ஊற்றினார். டம்ளர் நிரம்பியது. ஊற்றிக்கொண்டே இருந்தார். மேஜையில் வழிந்து என் புடவையில் சொட்டியது. "சார், சார்!" என்றேன். நிறுத்தினார். துடைக்கத் துணியைத் தேடிய கை, கண்ணெதிரே கிடந்த துணியைத் தாண்டித் தாண்டிப் போனது.

நான் என்னவோ விளையாட்டாக, "கண்ணு எங்கீங்க சார் இருக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

துணியை எடுத்து அவர் கையில் கொடுத்த பிறகுதான் பேசினார்.

"இப்ப உன்னப் பாக்கறேன்ல. உனக்குப் பின்னாடி இருக்கற பீரோ தெரியுது. ஜன்னல் தெரியுது. உன் மூஞ்சி இருக்கற எடத்துல ஒரு அழுக்குத் திட்டு. அதான் இப்படிச் சாஞ்சு பாக்கறேன். நடுவுல போயிருச்சு, ஓரத்துல இருக்குது."

"எப்பருந்துங்க?"

"அஞ்சாறு வருசமா கொஞ்சங்கொஞ்சமா. அந்தப் பத்திரிகை புரூஃப் பாத்தப்பவே ஆரம்பிச்சிருச்சோ என்னமோ. அவன் பேரு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணு இல்லீங்கறது எனக்குத் தெரியல அம்மணி. அப்பப் போய்ச் சொன்னா, சாக்குன்னுதான் சொல்லுவான்."

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"போனது போனதுதான்னாரு. இருக்கறத வெச்சுக் காலத்த ஓட்டுன்னாரு. வீட்டுல புரைன்னு சொல்லி வெச்சிருக்கேன், ரிட்டயரானதும் ஆபரேசன்னு. இங்க தெரிஞ்சா இந்த ரூம எங்கிட்டருந்து எடுத்துருவாங்க. மே மாசம் வரைக்கும் இருந்துட்டுப் போயிடறேனே."

"உங்க கீரை..."

"அதுவா. ஒரு ஆசதான். இனி இந்தக் கண்ணுக்கு உள்ள போகாது. உன் தட்டுல இருக்கறது கண்ணுக்காவது போகுதான்னு பாத்துக்கறேன்." பிறகு சொன்னார்: "மாசிலாமணிக்குத் தெரிய வேண்டாம்."

வீட்டுக்கு வந்தேன். குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தரம் போட்டுவிட்டேன். தங்கவேலு மோரை ஊற்றிச் சாப்பிட்டார்.

ஓரக்கண். சுவரைப் பார்த்துப் போகிறவர். பஸ் எண். நான் இதைப்பற்றி எல்லாம் துறையில் யார் யாரிடம் பேசினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பேசாதவர்களை எண்ணுவது சுலபமாக இருக்கிறது.

பிப்ரவரி 28, வெள்ளி

மூன்றாவது தட்டு பிழைத்துவிட்டது! வளையத்தின் மடியில் கொலஸ்டிராலை வைத்து அனுப்பினேன். நாலு தட்டும் உயிரோடு, மஞ்சள் நான்காவதில் மட்டும். இனி எழுதி முடித்து, இரண்டு வழிகாட்டிகளும் உட்கார்ந்து கேட்கும் கூட்டத்தில் பேசி, இருவரும் கையெழுத்துப் போட்டால் ஆய்வேடு உள்ளே போய்விடும்.

மாசிலாமணி சாரிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். "யாரு கண்டுபுடிச்சா?"

"ராசப்பன் சாருங்க."

சந்தோஷம் கொஞ்சம் வடிந்தது. "கூட்டத்துக்கு நான் வரல கோகிலா. அவன் தனியாக் கேக்கட்டும், நான் தனியாக் கேக்கறேன்."

"ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரணும்னு விதிங்க சார்."

"ஆறு வருசமா என் மூஞ்சியப் பாக்காதவன்கூட நான் எதுக்கு உக்காரணும்? நேத்துக்கூட வராந்தால எதுக்க வந்தான். ரெண்டு அடி தூரம். நான் நின்னேன். அவன் சுவத்தோட போயிட்டான்."

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் ஆய்வேடு, என் வேலை, என் ஜூன் மாதம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. என் வாயில் எதுவும் நின்றதில்லை என்பது ஊருக்கே தெரியும். வாயைத் திறந்தேன். "தண்ணி குடிச்சுட்டு வர்றனுங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

ராசப்பன் சாரிடமே கேட்டேன். சொல்லிவிடட்டுமா என்று. என் நிலைமையையும் சொன்னேன்.

"உன் வேலை போகக் கூடாதுதான் அம்மணி. அது என் கையிலயும் இருக்குதுதான். ஆனா என்னப் பாத்து அவன் பாவப்படறது... அதுக்கு இந்தப் பகையே இருந்துட்டுப் போகட்டும். பகையில ஒரு மரியாதையாவது இருக்குது." பிறகு, "உனக்கு வேற வழியே இல்லீனா சொல்லு. என்னக் கேட்டுட்டுச் சொன்னதா நெனச்சுக்கறேன்" என்றார்.

இப்படி அனுமதி கொடுத்தால் எப்படிச் சொல்வது? கொடுக்காமல் இருந்திருந்தாலாவது திருட்டுத்தனமாகச் சொல்லியிருப்பேன்.

மார்ச் 5, புதன்

துறையில் யாரோ ஓரக்கண் பேச்சை எடுத்தார்கள். "அவருக்குக் கழுத்து சுளுக்குங்க, பாவம்" என்று சொல்லி வைத்தேன். "ஆறு வருசமாவா?" என்றார்கள். "மோசமான சுளுக்கு" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

மாசிலாமணி சாரிடம் போனேன். வழக்கம்போல் நாலு சர்க்கரை வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் உங்களை விசாரித்தார், அவருக்கும் வருத்தம்தான், இத்யாதி. அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"சார், அவர் ஒண்ணும் சொல்லி அனுப்பலீங்க. நானாத்தான் வந்தேன். நீங்க வரலீனா எனக்கு ஜூன்ல வேலை போயிருமுங்க. வந்து உக்காருங்க, போதும். பேச வேண்டாம்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தன நாள் அவன் கேட்டான், சொன்னான்னு வந்து சொன்னதெல்லாம்?"

"நாந்தானுங்க."

"கொய்யா மோந்து பாத்தான்னு சொன்னியே, அது?"

"அது நெசமுங்க சார்."

"பாக்கலாம், போ" என்றார். வருகிறாரா, வரமாட்டாரா? என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "பாக்கலாம்னா பாக்கலாம்னு அர்த்தம்" என்றார். இவரோடு இருபத்தைந்து வருஷம்.

மார்ச் 12, புதன்

கூட்டம் பதினோரு மணிக்கு. நான் முன்னதாகவே போய்க் கணினியைப் பொருத்திக்கொண்டிருந்தேன். மாசிலாமணி சார் வந்தார்! பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி, தன் வெள்ளைக் கோட்டை முன்வரிசை நாற்காலியின் முதுகில் மாட்டி இடம் பிடித்துவிட்டு, கை கழுவப் போனார். கோட்டு தோள் விரிந்து, ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி நின்றது.

அடுத்து ராசப்பன் சார். வாசலில் நின்று தலையைச் சாய்த்து அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். நேரே முன்வரிசைக்கு வந்தார். அந்த நாற்காலிக்கு முன்னால் நின்றார். தொண்டையைச் சரி செய்துகொண்டார். இரண்டு கையையும் கூப்பினார்.

"வணக்கமுங்க சகலை."

கோட்டு என்ன சொல்லும்?

"கோவம் இருக்கும். இருக்கட்டும். அந்தப் புள்ளைக்காக எறங்கி வந்தீங்களே, அது போதும் எனக்கு. கொய்யா நல்லா இனிப்பா இருந்துச்சு."

கூப்பிடலாமா, கூப்பிட்டால் அவர் என்ன ஆவார், கூப்பிடாவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் நிற்பார். திரும்பிப் பார்த்தால் வாசலில் மாசிலாமணி சார். கையில் கைக்குட்டை, விரல்களில் ஈரம். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஏதோ ஒன்று இருந்தது. கோபம் மாதிரியும் இருந்தது, அது இல்லை.

கூப்பிய கையை ராசப்பன் சார் மெதுவாக இறக்கினார். பதில் வராததால் தலையை ஆட்டிக்கொண்டார். நாற்காலி முதுகுகளைத் தொட்டுத் தொட்டு இரண்டாம் வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் மாசிலாமணி சார் உள்ளே வந்தார். செருப்புச் சத்தம் இல்லாமல் வந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். மார்ச் மாதப் புழுக்கத்தில் மேல் பொத்தான்வரை போட்டார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் திரும்பி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்:

"வணக்கம், வணக்கம் சகலை. ரெண்டு நாளா காது அடைச்சுக் கெடக்குது. நீங்க பேசுனது ஒடனே வெளங்கல. அங்க என்ன தனியா, இங்க பக்கத்துல வாங்க." நாற்காலியை இழுத்துப் போட்டார். தரையில் கிறீச்சென்று சத்தம் வருகிற மாதிரி இழுத்தார். அந்தச் சத்தத்தை வைத்து ராசப்பன் சார் வந்து சரியாக உட்கார்ந்தார்.

மற்றவர்கள் வந்தார்கள். நான் பேச ஆரம்பித்தேன். இரண்டாவது படத்திலேயே மாசிலாமணி சார் கையைத் தூக்கிவிட்டார்.

"என்ன எழுத்தும்மா இது, எறும்பு மாதிரி. எனக்கு ஒண்ணும் தெரியல. திரையில இருக்கறத எல்லாம் வாய்விட்டுப் படி. எண்ணு, கோடு, நெறம் எல்லாத்தையும் சொல்லு."

வாய்விட்டுப் படித்தேன். ஒரு எண் விடாமல். மூன்றாவது தட்டு ஏன் செத்தது என்று வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாசிலாமணி சார், "அத எங்க சகலை சொல்லட்டும். முனைவர் ராசப்பன்" என்றார்.

ராசப்பன் சார் சொன்னார். வெறும் மடியோடு போகிற வளையம், உருவி வருகிற கொழுப்பு, எல்லாம். குறிப்பு எதுவும் பார்க்காமல் அழகாகச் சொன்னார். அவர் பேசி முடிக்கும்வரை மாசிலாமணி சார் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்து. மாசிலாமணி சார் போட்டார். பேனாவை ராசப்பன் சார் கையில் வைத்தார். தாளை நகர்த்தி, கட்டத்தின் மேல் தன் விரலை வைத்தார். "என் வெரலுக்குப் பக்கத்துல, சகலை." ராசப்பன் சாரின் இடது கை ஊர்ந்துபோய் அந்த விரலைத் தொட்டது. பக்கத்தில் போட்டார். முதல் எழுத்து கொஞ்சம் கோட்டுக்கு மேலே ஏறிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

ஆய்வேடு உள்ளே போய்விட்டது. தங்கவேலு பட்டறையில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தாராம். காயில் சுற்ற ஆள் கிடைக்காமல் போன துக்கத்தை அவர் வெளியே காட்டவில்லை.

ராசப்பன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீதான சொன்ன? பரவால்ல அம்மணி" என்றார்.

"சத்தியமா இல்லீங்க சார்."

சிரித்தார். நம்பவில்லை. நானாக இருந்தாலும் என்னை நம்பமாட்டேன்.

"அவன் நேத்து வீட்டுக்குப் போன் பண்ணுனான். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சாப்பிட வாங்கன்னு. அவனுக்குக் காது சரியில்லயாமே, பாவம். நான் கொஞ்சம் சத்தமாப் பேசணும்னு நெனச்சுட்டிருக்கேன்" என்றார்.

அவர் விளையாடுகிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று அந்தச் சாய்ந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. மாசிலாமணி சாருக்குத்தான் எவ்வளவு தெரியும்? வாசலில் நின்றபோது தெரிந்துகொண்டாரா, வேறு ஏதாவது நினைத்துக்கொண்டாரா? கேட்டால் நான் சொன்னது மாதிரி ஆகிவிடும். கேட்காமலும் இருக்க முடியவில்லை. சாயங்காலம் பொதுவாகத்தான் கேட்டேன்.

"சார், காது இப்பப் பரவால்லீங்களா?"

"எந்தக் காது?" என்றார்.

பிறகு ஞாபகம் வந்து, வலது காதை ஒரு தரம் தடவிக்கொண்டார்.